வாசகர் கேள்விகள்: பாசிசத்தின் பின்னால் மக்கள் ஏன் திரண்டார்கள்?

சென்ற இதழில் முசோலினியைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடையளிக்கும்போது, பாசிசத்தை மேலே இருந்த சிலர் திணித்தார்கள் என்பது பாதி உண்மை என்றும், கீழே இருந்த லட்சக்கணக்கானோர் அதைத் தோளில் தூக்கி வந்தார்கள் என்பது மறுபாதி என்றும் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிலர் கோபத்தோடும், சிலர் உண்மையான குழப்பத்தோடும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியை: போரில் தோற்ற அவமானம், வறுமை, வேலையின்மை ஆகியவையே காரணங்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, "பசித்தவன் சோறுதானே கேட்பான், எதற்காகச் சர்வாதிகாரியைக் கேட்டான்?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

உங்கள் மாணவியை என் சார்பில் பாராட்டுங்கள். பாடநூல்கள் தாண்டிச் சென்றுவிடும் இடத்தில் அவர் சரியாகக் கை வைத்திருக்கிறார்.

பசித்தவர்களே பாசிசத்தின் பின்னால் போனார்கள் என்பது உண்மையன்று. ஜெர்மனியில் 1932-இன் தொடக்கத்தில் பதிவு செய்த வேலையில்லாதோரின் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தொட்டது. ஆலை வேலையை இழந்த தொழிலாளர்கள் நாஜிக் கட்சியைவிடக் கம்யூனிஸ்ட் கட்சியின் பக்கமே அதிகம் சாய்ந்தார்கள். நாஜிகளின் வாக்கு மிக வேகமாகப் பெருகியது வேறிடத்தில்: பத்துப் பதினைந்து ஏக்கர் வைத்திருந்த விவசாயிகள், சிறு கடைக்காரர்கள், கைவினைஞர்கள், எழுத்தர்கள், ஓய்வூதியம் வாங்கியவர்கள் ஆகியோரிடையே. கையில் ஏதோ கொஞ்சம் இருந்து, அதுவும் போய்விடுமோ என்று இரவில் தூக்கம் வராமல் கிடந்தவர்கள் அவர்கள்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஹாம்பர்க் நகருக்கு வடமேற்கே, ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாணத்தில், பைடன்ஃப்ளேத் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆற்றங்கரைப் புல்வெளியில் மாடுகளைக் கொழுக்க வைத்து விற்பதே அந்தப் பகுதியின் பிழைப்பு. கடன் வாங்கி மெலிந்த மாடுகளைப் பிடிப்பார்கள். கோடை முழுவதும் மேய்த்து, இலையுதிர் காலத்தில் விற்றுக் கடனை அடைப்பார்கள். 1920-களின் பிற்பகுதியில் மாட்டு விலை விழுந்தது, வட்டி ஏறியது, வரி மட்டும் குறையவே இல்லை. 1928 நவம்பரில் வரிபாக்கிக்காக அவ்வூரில் இரண்டு காளைகளை ஜப்தி செய்து, ஏலத்துக்கு ஓட்டிச் செல்ல அதிகாரிகள் வந்தார்கள். விவசாயிகள் கொம்பு ஊதி ஊரைக் கூட்டி, வழியில் வைக்கோலைப் போட்டுத் தீ மூட்டினார்கள். மிரண்ட காளைகள் தங்கள் தொழுவத்துக்கே திரும்பி ஓடிவிட்டன. இதற்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட விவசாயிகள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் அதுவரை சட்டத்துக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள். தேவாலய வரிசையில் முன்னால் உட்கார்ந்தவர்கள். அதே ஆண்டின் ஜனவரியில் அந்த மாகாணமெங்கும் லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் தெருவில் இறங்கி ஊர்வலம் போயிருந்தார்கள். அரசிடமிருந்து உருப்படியான பதில் எதுவும் வரவில்லை.

இந்த மாகாணம் பிறவியிலேயே நாஜி மாகாணம் அன்று. 1919-இல் குடியரசின் முதல் தேர்தலில் அது சமூக ஜனநாயகக் கட்சிக்கும் தாராளவாத ஜனநாயகக் கட்சிக்கும் பெருவாரியாக வாக்களித்தது. 1928 மே மாதத் தேர்தலில்கூட அங்கே நாஜிகளுக்குக் கிடைத்தது நூற்றுக்கு நான்கு வாக்குதான். 1932 ஜூலையில் அது நூற்றுக்கு 51 ஆயிற்று. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அந்த விவசாயி ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்குத் தாவித் தாவிப் பார்த்தான். தாராளவாதிகள் நகரத்து வணிகரின் கட்சியாகத் தெரிந்தார்கள். பழைய பழமைவாதிகள் பெருநிலக்கிழார்களின் கட்சியாக இருந்தார்கள். சமூக ஜனநாயகவாதிகளுக்கு ஆலைத் தொழிலாளியின் ரொட்டி மலிவாக வேண்டும். இவனுக்கோ தன் விளைச்சலுக்கு விலை வேண்டும். எனவே உங்கள் மாணவியிடம் இப்படிச் சொல்லுங்கள்: அவன் முதலில் சோறுதான் கேட்டான், பல ஆண்டுகள் கேட்டான். அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவே எந்தக் கட்சியும் இல்லை என்று அவன் முடிவுகட்டிய நேரத்தில், ஊர் ஊராகச் சென்று, மாட்டு விலையையும் வட்டியையும் பற்றி அவன் மொழியிலேயே பேச ஒரு கட்சி ஆள் அனுப்பியது.

திருநெல்வேலி வாசகர்: ஜெர்மனி தோற்ற நாடு, சரி. இத்தாலி வென்ற அணியில் அல்லவா இருந்தது? அங்கேதானே பாசிசம் முதலில் வந்தது?

தோல்வி மட்டுமே காரணம் என்ற விளக்கத்தை உடைக்க இத்தாலி ஒன்றே போதும். ஏறத்தாழ ஆறு லட்சம் வீரர்களைப் பலிகொடுத்து வென்ற நாடு அது. 1915-இல் லண்டன் உடன்படிக்கையில் வாக்களிக்கப்பட்ட ஏட்ரியாட்டிக் கடலுக்கு அப்பாலிருந்த தல்மாத்சியக் கடற்கரை முழுமையாகக் கைக்கு வராததால், "ஊனப்படுத்தப்பட்ட வெற்றி" என்ற சொல் நாடெங்கும் பரவியது. ஆனால் பாசிசத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது அந்தச் சொல்லே என்று நான் நினைக்கவில்லை. 1919 மார்ச்சில் மிலானில் முசோலினி தன் இயக்கத்தைத் தொடங்கியபோது அந்தத் தேசிய அவமானம் சூடாகத்தான் இருந்தது. இருந்தும் அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் மிலானில் அவருடைய பட்டியலுக்கு ஐயாயிரம் வாக்குகூடக் கிடைக்கவில்லை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் டெபாசிட் போனது. சோஷலிஸ்டுகள் அவருக்குப் பொய்ச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். அவர்கள் அந்தத் தேர்தலில் 156 இடங்களைப் பிடித்து நாட்டின் மிகப்பெரிய கட்சியாக நின்றார்கள்.

அந்தச் சவம் எழுந்து நடந்தது மிலானில் அன்று, போ ஆற்றுச் சமவெளியின் வயல்களில். ஃபெராரா, பொலோன்யா போன்ற மாவட்டங்களில் நிலமற்ற விவசாயக் கூலிகள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். ஆண்டில் பாதி நாள்கூட வேலை கிடைக்காத அவர்களுக்குச் சோஷலிஸ்ட் சங்கம்தான் ஒரே காப்பு. சங்கத்தின் வழியாக மட்டுமே ஆள் எடுக்க வேண்டும், இத்தனை பரப்புக்கு இத்தனை ஆள் என்று, வேலையில்லாத பனிக்காலத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பவை சங்கம் போராடிப் பெற்ற விதிகள். கூலியின் பக்கமிருந்து பார்த்தால் இவை முழு நியாயம். ஆனால் இந்த விதி பெரிய பண்ணைக்காரருக்கு மட்டுமன்றி, போர்க்காலத்தில் சிறுகச் சேர்த்த பணத்தில் நாலைந்து ஏக்கர் வாங்கியிருந்த முன்னாள் குத்தகை விவசாயிக்கும் பொருந்தியது. மீறியவருக்கு அபராதமும், அதற்கும் பணியாதவருக்கு ஊர்விலக்கும் கிடைத்தன. ரொட்டிக்காரர் ரொட்டி விற்கமாட்டார், கொல்லர் லாடம் அடிக்கமாட்டார். நிலம் அனைத்தும் பொதுவுடைமை ஆகவேண்டும் என்று சோஷலிஸ்டுகள் மேடையில் முழங்கியபோது, நேற்றுத்தான் பட்டா வாங்கியவன் நடுங்கிப்போனான். அவனைப் பெருநிலக்கிழாரோடு ஒரே தட்டில் வைத்துப் பார்த்தது அன்றைய இத்தாலியச் சோஷலிஸ்டுகள் செய்த மிகப்பெரிய பிழை என்பது என் கருத்து. இதை எழுதுவதால் எனக்கு இடதுசாரி நண்பர்களிடமிருந்து கடிதம் வரும், வரட்டும்.

1920 நவம்பர் 21 அன்று பொலோன்யாவில் புதிய சோஷலிஸ்ட் நகராட்சி பதவியேற்ற நாளில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் வெள்ளம் போல ஆள் சேர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் சுமார் 20,000 ஆக இருந்த பாசிச இயக்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை, 1921 முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் எட்டில் ஒருவர் மாணவர். போர்க்களம் போக வயது எட்டாமல் போனதை ஒரு குறையாகச் சுமந்தவர்கள். மாலையில் பண்ணைக்காரர் கொடுத்த லாரியில் ஏறி, ராணுவ முகாமிலிருந்து கசிந்த துப்பாக்கிகளோடு, கறுப்புச் சட்டைக்காரர்கள் எனப்பட்ட பாசிச அடியாட்கள் பக்கத்து ஊருக்குப் போவார்கள். சங்கக் கட்டடத்தையும் கூட்டுறவுக் கடையையும் கொளுத்துவார்கள். சங்கச் செயலாளரை வீட்டிலிருந்து இழுத்து வந்து, தடியால் அடித்து, வாயைப் பிளந்து விளக்கெண்ணெயைப் புட்டி புட்டியாக ஊற்றுவார்கள். போலீஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். சங்கம் ஒழிந்த ஊரில் வேலை வேண்டுமானால் பாசிசச் சங்கத்தில் பெயர் கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கூலிகள் அப்படிப் பெயர் கொடுத்தார்கள். பாசிசத்தின் "மக்கள் ஆதரவு" என்று நாம் எண்ணிக்கை சொல்லும்போது, அதற்குள் இந்தக் கூலிகளின் பெயர்களும் கலந்தே இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றிய போராட்டம் 1920 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. புரட்சி வரும் என்ற உண்மையான வாய்ப்பு கடந்துபோன பிறகே பாசிசம் பெருகியது. "எங்களால்தான் போல்ஷெவிசம் தடுக்கப்பட்டது" என்று முசோலினி பின்னாளில் சொல்லிக்கொண்டதை ஐரோப்பாவில் பலர் நம்பினார்கள். தேதிகளை அடுக்கிப் பார்த்தால் அது நிற்காது. ஆனால் ஆபத்து போய்விட்டது என்பது அன்று அந்த விவசாயிக்குத் தெரியாது. அவன் கேட்ட செய்திகள் ரஷ்யாவிலிருந்தும், 1919-இல் 133 நாள் நடந்த ஹங்கேரி சோவியத் அரசிலிருந்தும் வந்தவை.

கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: 1923-இன் பணவீக்கம் ஜெர்மானிய நடுத்தர வர்க்கத்தை அழித்தது, அதனால் ஹிட்லர் வந்தார் என்று படித்திருக்கிறேன். சரிதானா?

நேரடியாகச் சரியில்லை. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் அதற்கு ஆறே மாதம் கழித்து, 1924 மே மாதத் தேர்தலில், நாஜிகளும் அவர்களது கூட்டாளிகளும் பெற்ற வாக்கு 6.5 விழுக்காடுதான். அதே ஆண்டு டிசம்பரில் அது 3 ஆகவும், 1928-இல் 2.6 ஆகவும் இறங்கியது. கோபம் நேராக ஹிட்லரிடம் போயிருந்தால் கணக்கு இப்படி இறங்கியிருக்காது.

ஆயினும் அந்தப் பணவீக்கம் ஒரு வேலையைச் செய்தது. ஆயுள் முழுவதும் சேமித்து அரசின் போர்க்கடன் பத்திரங்களில் போட்டவர்களுக்கு, 1925-இல் வந்த மறுமதிப்பீட்டுச் சட்டம் ஏறக்குறைய ஒன்றுமே திருப்பித் தரவில்லை. அடமானக் கடன் கொடுத்தவர்களுக்குக் கால்பங்கு கிடைத்தது. தாங்கள் அதுவரை வாக்களித்த தாராளவாதக் கட்சிகளும் பழமைவாதக் கட்சிகளும் இந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியதை இவர்கள் மறக்கவில்லை. 1928-இல் இவர்களில் பலர் சேமிப்பாளர் கட்சி, வணிகர் கட்சி, விவசாயிகள் கட்சி என்று சிறு சிறு கட்சிகளுக்குச் சிதறினார்கள். வங்கியில் பணிபுரிந்த உங்களுக்கு இது எளிதில் விளங்கும்: ஒரு வாடிக்கையாளர் நெடுநாள் வைத்திருந்த கணக்கை மூடிவிட்டால், அடுத்த வங்கியைத் தேடுவது அவருக்குக் கடினமன்று. பழைய கட்சிகளில் வைத்திருந்த கணக்கை நடுத்தர வர்க்கம் 1928-க்குள் மூடிவிட்டது. 1930 செப்டம்பர் தேர்தலில் நாஜிகள் 18.3 விழுக்காடு பெற்று, 12 இடங்களிலிருந்து 107 இடங்களுக்குத் தாவியதை முன்கூட்டியே சாத்தியமாக்கியது அந்த விலகல்தான்.

அந்தத் தாவலுக்கு உடனடிக் காரணம் பணவீக்கத்துக்கு நேர் எதிரானது. 1930 மார்ச்சில் வேலையில்லாதோர் காப்பீட்டுக்கு யார் எவ்வளவு பங்கு கட்டுவது என்ற தகராறில் கூட்டணி அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்த பிரதமர் ப்ரூனிங், நாடாளுமன்றப் பெரும்பான்மை இல்லாமல், குடியரசுத் தலைவரின் அவசரச் சட்டங்களை வைத்தே இரண்டு ஆண்டுகள் ஆண்டார். அரசு ஊழியரின் சம்பளம் வெட்டப்பட்டது, உதவித்தொகை வெட்டப்பட்டது, வரி ஏறியது, விலைகள் வீழ்ந்தன. 1931 ஜூலையில் பெரிய வங்கி ஒன்று கதவைச் சாத்தியது. இவ்வளவும் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே நடந்ததைப் பார்த்த குடிமகனுக்கு, நாடாளுமன்றம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று தோன்றியதில் வியப்பில்லை. ஜனநாயகத்தை ஹிட்லர் கொன்றார் என்கிறோம். அவர் வருவதற்கு முன்பே அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: எல்லாம் நாஜிப் பிரசாரத் தலைவர் கோயபல்ஸின் வானொலிப் பிரசாரம்தானே?

இல்லை. 1933-க்கு முன் ஜெர்மானிய வானொலி அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. எதிர்க்கட்சியாக இருந்தவரை நாஜிகளுக்கு அது பெரும்பாலும் எட்டாக்கனி. அவர்கள் வளர்ந்தது கூட்டங்களால். வடக்கே ஹானோவர் பகுதியில் நோர்தைம் என்று சுமார் பத்தாயிரம் பேர் வாழ்ந்த ஒரு சிற்றூர். அங்கே பாட்டுக் குழு, துப்பாக்கி சுடும் சங்கம், முன்னாள் படைவீரர் சங்கம், கைவினைஞர் சங்கம் என்று திரும்பிய பக்கமெல்லாம் சங்கங்கள். நாஜிகள் அவற்றுக்குள் நுழைந்தார்கள். ஊரில் மதிப்புள்ள ஒருவர் சேர்ந்தால், "அவரே சேர்ந்திருக்கிறார் என்றால் தப்பாக இருக்காது" என்று மற்றவர் சேர்ந்தனர். கூட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். இசையும் நாடகமும் வைத்து அந்தக் காசுக்கு மாலைப்பொழுதை நிறைத்தார்கள். எந்தத் தலைப்புக்குக் கூட்டம் சேர்கிறதோ அதையே மீண்டும் வைத்தார்கள். முதலாளிகளின் பணம் அவர்களுக்கு வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆட்சிக்கு வரும்வரை கட்சியின் செலவில் பெரும்பங்கு உறுப்பினர் சந்தாவும் கூட்டக் கட்டணமும்தான். 1932-இல் நோர்தைமில் பாதிக்கும் மேற்பட்டோர் அக்கட்சிக்கு வாக்களித்தார்கள். அவ்வூர் நடுத்தர வர்க்கத்தில் வேலை இழந்தவர் சிலரே. ஆனால் உதவித்தொகை வாங்கத் தெருவில் நின்ற தொழிலாளர் வரிசையை அவர்கள் அன்றாடம் பார்த்தார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி: மக்களின் அச்சத்தையும் கடனையும் பற்றி இவ்வளவு பரிவோடு பேசினால், யூதர் மீதான வெறுப்பை மன்னித்துவிடுவது போல் ஆகாதா?

உங்கள் கேள்வியை நான் இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்தேன். காரணத்தைச் சொல்வது வேறு, பொறுப்பிலிருந்து விடுவிப்பது வேறு என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை.

ஜெர்மனியின் மக்கள்தொகையில் யூதர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 1930-க்குப் பிறகு வாக்கு வேட்டையில் நாஜிகள் பல ஊர்களில் யூத வெறுப்பைச் சற்று அடக்கி வாசித்து, வேலை, விலை, மார்க்சியத்தை ஒழிப்பது ஆகியவற்றையே முன்னால் வைத்தார்கள். ஆகவே பெரும்பான்மை வாக்காளரை இழுத்தது வெறுப்பு மட்டுமே என்று சொல்ல முடியாது. ஆனால் 1920 பிப்ரவரி 24 அன்று ம்யூனிக்கில் அறிவிக்கப்பட்ட கட்சித் திட்டத்தின் 25 அம்சங்களில் நான்காவது, எந்த யூதரும் நாட்டின் குடிமகனாக இருக்க முடியாது என்று பச்சையாகச் சொன்னது. அது ரகசிய ஆவணமன்று. மாட்டு விலைக்காக வாக்களித்த விவசாயியும், கடைக்காக வாக்களித்த வணிகரும், தங்கள் ஊரில் பல தலைமுறையாக வாழ்ந்த அண்டைவீட்டாரின் குடியுரிமையை அந்த விலையின் ஒரு பகுதியாகக் கொடுக்கச் சம்மதித்தார்கள். வெறுத்தவர்கள் ஒரு பகுதி. அது தங்கள் கவலையல்ல என்று ஒதுக்கியவர்கள் இன்னும் பெரிய பகுதி. என் பரிவு அவர்களுடைய அச்சத்தோடு நிற்கிறது. அந்தச் சம்மதத்தை அது எட்டாது. இத்தாலியில் பாசிசக் கட்சியிலேயே தொடக்கத்தில் யூதர்கள் உறுப்பினராக இருந்தார்கள் என்பதையும், 1938-இல் அதே கட்சி இனச் சட்டங்களைக் கொண்டுவந்து அவர்களைப் பள்ளியிலிருந்தும் பணியிலிருந்தும் துரத்தியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விழுப்புரம் வாசகர்: ஹிட்லரும் முசோலினியும் தேர்தலில் வென்று வந்தவர்களா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

இல்லை. ஒரு வரியோடு நிறுத்த முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1922 அக்டோபர் இறுதியில் ரோமை நோக்கி அணிவகுத்த கறுப்புச் சட்டைக்காரர்களை ராணுவம் கலைத்திருக்க முடியும். பிரதமர் ஃபாக்டா ராணுவச் சட்ட ஆணையைத் தயாராக வைத்திருந்தார்; மன்னர் மூன்றாம் விட்டோரியோ எமானுவேலே அதில் கையெழுத்திட மறுத்தார். முசோலினி மிலானிலிருந்து ரயிலில் படுத்து உறங்கி வந்து பிரதமரானார். அன்று நாடாளுமன்றத்தில் பாசிஸ்டுகளுக்கு இருந்தவை 35 இடங்கள். நம்பிக்கை வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தவையோ 306 வாக்குகள். மற்ற வாக்குகளை அளித்தவர்கள் தாராளவாதிகளும் கத்தோலிக்க மக்கள் கட்சியினரும். முந்தைய ஆண்டுத் தேர்தலில் பாசிஸ்டுகளைத் தன் கூட்டணிப் பட்டியலில் சேர்த்து, அவர்களுக்கு மதிப்பு வாங்கிக் கொடுத்தவரும் ஐந்து முறை பிரதமராக இருந்த மூத்த தாராளவாதி ஜியோலிட்டிதான்.

ஜெர்மனியில், 1932 ஜூலையில் 37.3 விழுக்காடு பெற்ற நாஜிகள் நவம்பரில் 33.1-க்குச் சரிந்து, இருபது லட்சம் வாக்குகளை இழந்தார்கள். அந்த நவம்பரில் சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து பெற்றது 37 விழுக்காட்டுக்கும் மேல். ஆனால் கம்யூனிஸ்டுகள் சமூக ஜனநாயகவாதிகளை "சமூக பாசிஸ்டுகள்" என்று தூற்றிக்கொண்டிருந்தார்கள். அலை இறங்கத் தொடங்கிய நேரத்தில்தான், ஹிட்லரைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய முன்னாள் பிரதமர் பாப்பனும் அவரைச் சுற்றியிருந்தோரும் முதிய குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் மனத்தை மாற்றினார்கள். 1933 ஜனவரி 30 அன்று அமைந்த அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூவரே. எதிர்க்கட்சிகளை அடித்து நொறுக்கிய பிறகு நடந்த மார்ச் தேர்தலில்கூட அவர்களுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை, 43.9 விழுக்காடுதான்.

மூன்றில் ஒருவரின் ஆதரவு என்பது சிறிதன்று. அந்த ஆதரவு இல்லாமல் பாப்பன் ஹிட்லரைத் தேடிப் போயிருக்கமாட்டார். ஆனால் கதவைத் தட்டியவர்கள் மக்கள் என்றால், உள்ளேயிருந்து தாழ்ப்பாளைத் திறந்தவர்கள் மேட்டுக்குடியினர்.

மதுரை வாசகர்: இதே நெருக்கடி மற்ற நாடுகளிலும் இருந்ததே. அங்கெல்லாம் ஏன் வரவில்லை?

வந்து பார்த்தது. பின்லாந்தில் 1929-இன் இறுதியில் லாபுவா என்ற ஊரிலிருந்து கிளம்பிய விவசாயிகள் இயக்கம் இத்தாலியை நினைவூட்டும் அளவுக்கு வளர்ந்தது. முன்னாள் குடியரசுத் தலைவரையே அவர் மனைவியோடு கடத்தும் துணிவு அதைச் சேர்ந்தவர்களுக்கு வந்தது. 1932-இல் மான்ட்சாலாவில் ஆயுதத்தோடு திரண்டபோது, குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹுவுத் வானொலியில் பேசி, அவர்களை வீட்டுக்குத் திரும்பச் சொன்னார். அவர் கடைந்தெடுத்த பழமைவாதி. அந்த இயக்கத்தின் ஆதரவோடு பதவிக்கு வந்தவர். இத்தாலிய மன்னர் செய்யாததை அவர் செய்தார். கூட்டம் கலைந்தது, இயக்கம் தடை செய்யப்பட்டது.

டென்மார்க்கின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனுக்கு வடக்கே எல்லையைக் கடந்தால் டென்மார்க். அங்கும் மாடு, பன்றி, வெண்ணெய்தான் பிழைப்பு. விலை வீழ்ச்சியும் கடனும் அங்கும் அதேபோல்தான் வாட்டின. கோபன்ஹேகனில் கான்ஸ்லர்காதே என்னும் தெருவில், சமூக ஜனநாயகப் பிரதமர் ஸ்டவ்னிங்கின் வீட்டில், தொழிலாளர் கட்சியும் விவசாயிகளின் தாராளவாதக் கட்சியும் இரவெல்லாம் உட்கார்ந்து பேசின. விவசாயிகளுக்காக நாணயத்தின் மதிப்பைக் குறைக்கவும் கடன் சுமையைத் தணிக்கவும் தொழிலாளர் கட்சி ஒப்புக்கொண்டது; வேலையில்லாதோருக்கான பணிகளுக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டங்களுக்கும் விவசாயிகள் கட்சி வழிவிட்டது. அந்த ஒப்பந்தம் முடிவான நாள் 1933 ஜனவரி 30. அதே நாளில்தான் பெர்லினில் ஹிட்லர் பதவியேற்றார். நான்கே மாதங்களில் ஸ்வீடனிலும் இதே போன்ற உடன்பாடு ஏற்பட்டது. அந்நாட்டு நாஜிகள் நாடாளுமன்றத் தேர்தலில் ஒரே ஓர் இடத்தைக்கூட வென்றதில்லை.

இந்நாடுகள் போரில் இறங்கவில்லை, எல்லைகளை இழக்கவில்லை, ஆறு லட்சம் பிணங்களை எண்ணவில்லை என்று நீங்கள் மறுக்கலாம். அந்த மறுப்பில் எடை இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கடனில் மூழ்கிய மாட்டு விவசாயியின் நிலைமையை மட்டும் ஒப்பிடுங்கள். எல்லைக்குத் தெற்கே, காளைகளை ஜப்தி செய்ய அதிகாரி வந்த மாகாணத்தில், 1932-இல் நாஜிகளுக்கு நூற்றுக்கு 51 வாக்கு. எல்லைக்கு வடக்கே, 1935-இல் நடந்த பொதுத் தேர்தலில் டென்மார்க் நாஜிகள் நாடு முழுவதிலும் பெற்றது நூற்றுக்கு ஒன்று.